வயிற்றுக்குள் யாரோ

விமானம் இறங்கத் தொடங்கும்போதே, உடம்புக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ஆதிரையின் கைப்பட்டை அதிர்ந்தது. காது அடைப்பதற்குள் கோதை மகளுக்குப் பால்புட்டியைக் கொடுத்துவிட்டாள். பசிக்குமுன் சோறு, வலிக்குமுன் மருந்து என்று பட்டை சொல்லச் சொல்ல இரண்டரை வருஷமாக வளர்ந்த பிள்ளை அது. ஒவ்வொரு வாய் ஊட்டவும் அவளைக் கெஞ்ச வேண்டும்.

விமானம் இறங்கி மலைக்கு வந்து கூடாரம் அடிக்கும் மும்முரத்தில், குளிரில் பட்டை அணைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. ஆதிரை சட்டையைத் தூக்கித் தன் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உள்ள யாரோ இருக்காங்க.”

“யாரு?”

“தெரியல. கூப்பிடுறாங்க.”

அப்பா சேரல் பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. கோதை குழந்தையின் வயிற்றில் காதை வைத்தாள். உள்ளே கடகடவென்று சத்தம்.

“பசிக்குதுடா தங்கம்,” என்றாள். அந்த வார்த்தையை மகளிடம் அவள் சொல்வது அதுதான் முதல் தடவை.

கட்டிக்கொண்டு வந்த இட்லி ஆறிக் கல்லாகியிருந்தது. ஆதிரை அதை இரண்டு கையாலும் பிய்த்துத் தின்றாள். “இன்னும்,” என்று கேட்டு வாங்கித் தின்றாள். பிறகு வயிற்றைத் தட்டிப் பார்த்தாள்.

“போயிட்டாங்க. நாளைக்கு வருவாங்களாப்பா?”

பட்டையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்த சேரல், அதை மெல்லக் கீழே வைத்தான்.