அளந்துவிட்டுப் போனவர்

அலுவலகம் திருகோணமலைத் துறைமுக வீதியிலா, அதன் பின்தெருவிலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. வீடு திருத்தும் ஒப்பந்தக்காரர் அபூதாஹிர் புது மென்பொருள் வாங்கிய வாரம் அது. செலவு மதிப்பிட, வாடிக்கையாளர்கள் அதில் போனில் நிரப்பும் கேள்விகளைப் புதிதாகச் சேர்ந்த ஸல்ஹா அமைத்தாள். அன்றே, சமையலறையைத் திருத்தக் கேட்டு ஒரு பெண்ணிடமிருந்து முதல் பதில் வந்தது; ஸல்ஹா அதை அபூதாஹிரிடம் சொன்னாள்.

“நானா, ஒரு ராத்தாட குசினி. பத்துக்கு எட்டு. கூரை ஒழுகுதாம். நோன்புக்கு முன்னம் முடிக்க வேணுமாம்.”

“முன்னம் ஆரும் வந்து பார்த்தாங்களா எண்டு கேட்டியா?”

“ஓம். ஒருத்தர் அளந்துபோட்டு, நாளைக்கு நாளைக்கு எண்டு மூணு வருஷமா இழுக்கிறாராம்.”

அபூதாஹிர் கொதித்தார். “அவனெல்லாம் ஒரு மனுசனா? திங்கக்கிழமை ஆள் வரும் எண்டு எழுதி அனுப்பு. என்ட சொல் மாறாது.”

ஸல்ஹா அனுப்பிவிட்டு, விலாசம் கேட்க ஸ்பீக்கரில் அழைத்தாள்.

“விலாசம் உங்கட முதலாளிக்குத் தெரியும், தங்கச்சி. அளந்தவரே அவர்தான். நான் அவர்ட பொஞ்சாதி.”

குசினி நோன்புக்கு முன் முடிந்தது. ஸல்ஹா அங்கேயே வேலை செய்கிறாள். அபூதாஹிரின் மனைவி இப்போது குளியலறைக்கும் பதில்களை நிரப்பி அனுப்பியிருக்கிறாள்.