புலிராஜா வேஷம்

ஒரு காட்டிலே செத்துப்போன புலிராஜாவின் கதையை நாடகமாகப் போட ஏற்பாடு நடந்தது. ராஜா வேஷத்துக்கு அவருடைய பேரன் புலியே வந்து நின்றது.

"எங்க தாத்தா வேஷம் எனக்கில்லாம யாருக்கு?" என்று மீசையை முறுக்கியது.

அதே வேஷத்துக்கு ஒரு கிழட்டு முயலும் வந்து நின்றது. குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. "மாமா, ராஜாவோட மத்தியானச் சாப்பாடு வேஷம் காலியா இருக்கு!"

முயல் நகரவில்லை. ராஜாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். பேரன் நடித்தால் தாத்தா நல்லவராகிப் போவாரே என்று அதற்குக் கவலை.

"ரெண்டு பேரும் நடிச்சுக் காட்டுங்க" என்றது நாடகத்தை நடத்தும் கொக்கு வாத்தியார்.

பேரன் உறுமியது, பாய்ந்தது, புழுதியைக் கிளப்பியது. எல்லாரும் சந்தோஷமாகக் கை தட்டினார்கள்.

முயல் உறுமவே இல்லை. மெதுவாக நடந்துபோய், வேறொரு வேஷத்துக்கு வந்து வேடிக்கை பார்த்த மான்குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்து, கண் சிமிட்டாமல் பார்த்து, "சாப்பிட்டியா கண்ணு? நல்லா சாப்பிடணும்" என்றது.

மான்குட்டி பிடித்தது ஓட்டம். குரங்குகள் மர உச்சிக்குப் போய்விட்டன.

"எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றது கொக்கு.

"என் தம்பிகிட்ட அவர் இப்படித்தான் கேட்டார். நான் புதருக்குள்ள இருந்தேன்."

கொக்கு பேரனிடம் திரும்பியது. "தம்பி, மான்குட்டி இனிமே வராது. ராஜா பக்கத்துல நிக்கிற அந்த வேஷத்தை நீ போடறியா?"

பேரன் புலி முயலைப் பார்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டது.

"வேற என்ன வேணாலும் குடுங்க வாத்தியாரே. அவர் பக்கத்துல மட்டும் என்னை நிக்க வைக்காதீங்க."