அறுந்த கைப்பிடி

நான் தைக்கும் துணிப்பைகளை என் கணவர் எங்கள் கடையில் விற்கிறார். சில மாதங்களாக ஒரே புகார்.

"ஒரு தடவைதான் துவைச்சேன், கைப்பிடி தனியா வந்துடுச்சுக்கா. அதை மட்டும் மாட்டிக்கிட்டா கடைக்குப் போறது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வயசாகுதில்ல, தையல் முன்ன மாதிரி வருமா? மனசுல போட்டுக்காதே," என்றார் கணவர் பரிவாக.

அழுதேன். மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். கைப்பிடிகளுக்கு இரட்டைத் தையல் போட்டேன்.

இன்று புதுப் பைகளுடன் சொல்லாமல் கடைக்குப் போனேன். கணவர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, பிளேடால் என் தையலைக் கீறிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"உன்னை மாதிரி தைக்க இந்த ஊர்ல ஆளே இல்லை. அப்படியே விட்டா, வாங்கினவங்க மறுபடி கடைப்பக்கம் வருவாங்களா?"

கல்யாணமானதிலிருந்து அவர் என் தையலைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.