தொள்ளாயிரம் கிராம்

நினைவுப் பெட்டி வெறுமையாகிவிட்டால் தொள்ளாயிரம் கிராம் இருக்க வேண்டும். ஒரு கிராம் கூடினாலும், இறந்தவர் சேமித்த படமோ குரலோ இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை உலைக்கு அனுப்பக் கூடாது.

கோவில்பட்டி அழிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் நஸ்ரின், இறந்துபோன சங்கரபாண்டியனின் பெட்டியில் இருந்ததை மூன்று முறை அழித்து, ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தராசில் வைத்தாள். தொள்ளாயிரம்.

"முடிஞ்சிட்டும்மா. ஏதாவது சொல்லணும்னா சொல்லிக்கோங்க."

அவர் மனைவி செண்பகவல்லி பெட்டியைப் பார்த்து, "நான் கிளம்பட்டுமா?" என்றாள்.

தராசு தொள்ளாயிரத்து ஒன்று காட்டியது.

நஸ்ரின் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே எண்தான்.

"தராசுல கோளாறு இல்ல," என்றாள் செண்பகவல்லி. "நாப்பது வருஷமா நான் எது கேட்டாலும் 'ம்'னு மட்டும்தான் சொல்வாங்க. இப்பவும் சொல்லியிருக்காங்க."

நஸ்ரின் தராசிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். செண்பகவல்லியோ பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

"உங்கள உருக்கப் போறாங்களாம். சம்மதம்தானே?"

எண் அசையவில்லை. பிறகு அது தொள்ளாயிரத்து இரண்டானது, ஐந்தானது, ஆயிரத்தைத் தாண்டியது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. பெட்டியின் பாரம் தாங்காமல் தராசு இருந்த மேசைதான் கிறீச்சிட்டது.

நஸ்ரின் பதறி அழிப்பு ஒயரை எடுத்தாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, பேசட்டும். இப்பத்தான் வாயத் திறந்திருக்காங்க."