கோட்டுக்கு இடப்பக்கம்

புள்ளிகள் இறங்கியிருந்தன.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் இறக்கம்தான்.

தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதற்கு இடப்பக்கம், ஒன்றும் செய்யாமல் வெறுமனே கவனித்த நாட்கள். வலப்பக்கம், இடத்தில் உட்கார்ந்திருந்தால் நட்சத்திரம் ஒட்டும் அட்டை கொடுக்கத் தொடங்கிய பிறகு வந்த நாட்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாள். அன்றைக்கு தஸ்லிமா எத்தனை முறை வகுப்பிலிருந்து எழுந்து கேட்டுக்கு ஓடினாள் என்பதுதான் அதன் உயரம்.

இடப்பக்கப் புள்ளிகள் மேலே இருந்தன. வலப்பக்கம் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன.

தஸ்லிமாவுக்கு ஒன்பது வயது. பேச்சு வராது. அவளை, தங்கிப் படிக்கும் இந்தச் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டு அம்மா திரும்பிப் போன கேட் அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது போய் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அழைத்து வர வேண்டும்.

இப்போது வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அட்டை நிறைய நட்சத்திரம்.

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் காலையிலேயே குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

“அருமையா இறங்கியிருக்கும்மா. எழுதி முடிச்சிடு. பொங்கலுக்கு மூட்டை கட்டிடலாம்.”

அந்த மனிதர் வாயிலிருந்து ‘அருமை’ வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் அதை இரண்டு தடவை கேட்டாள்.

மூட்டை கட்டினால் தென்காசி. அங்கே அப்பா மட்டும். அம்மா தவறிப் போன பிறகு அவர் தனியாகத்தான் பொங்கிச் சாப்பிடுகிறார். கோயம்புத்தூரிலிருந்து வாரக் கடைசியில் ஓடிப்போய்ப் பார்த்து வரவும் வழியில்லை. சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் வரைபடத்தில் ஓட்டை விழும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகளிர் விடுதியில் எல்லோரும் எங்கெங்கோ போயிருந்தார்கள். வராந்தாக் கொடியில் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. காலையிலிருந்து அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். துணி துவைத்தாள். தேவையில்லாமல் டீ போட்டாள்.

அவளுடைய நடத்தையியல் துறையில் கண்தான் தராசு. வரைபடத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதனாலேயே முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் கண்ணை நம்பாதே என்பதைத்தான். நடுவில் ஒரு கோடு கிழித்துவிட்டால் போதும், அந்தப் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு என்று மனசு பிரித்துக்கொண்டுவிடும்.

ஆகவே, வலப்பக்கத்தை மூடிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூடினாள்.

மேலே இருப்பதாக இத்தனை நாளும் அவள் நினைத்திருந்த புள்ளிகள் மேலே நிற்கவில்லை. முதல் புள்ளிதான் உச்சியில் இருந்தது. அடுத்தது கொஞ்சம் கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே.

பென்சிலை அந்தச் சரிவில் படுக்க வைத்தாள். வெள்ளைத்தாளை மெதுவாக உருவினாள்.

பென்சிலின் நுனி கோட்டைத் தாண்டி, வலப்பக்கப் புள்ளிகளின் மேல் போய்ப் படுத்திருந்தது.

நட்சத்திரம் கொடுக்காவிட்டாலும் இங்கேதான் வந்திருக்கும்.

தஸ்லிமா வகுப்பில் உட்காரக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மா வருவாள் என்று நினைப்பதை விட்டுவிட்டாள். நட்சத்திரம் வருவதற்கு முன்னாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக.



இதை எழுதினால் மறுபடி முதலிலிருந்து. இன்னொரு குழந்தை, இன்னொரு வருடம். எழுதாவிட்டால் யார் பென்சில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? பேராசிரியரே வைக்கவில்லை.

பென்சிலை எடுத்து வரைபடத்துக்குக் கீழே எழுதினாள். ‘நட்சத்திரத்தால் என்று சொல்ல முடியாது.’

பொங்கல் போயிற்று. அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

நல்லவேளை, அவர் இப்போதெல்லாம் கேட்பதில்லை. முன்பு போனை எடுத்ததும் அதைத்தான் கேட்பார். எப்பம்மா வார? இவள் வேலையாக இருக்கிறேன் என்பாள். தனியாக இருக்கிறாரே என்று மனசு கேட்காமல் ஆடித் தள்ளுபடியில் ஒரு பெரிய டிவி வாங்கி அனுப்பினாள். அதன் பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. டிவி வந்ததும் அப்பா தேறிவிட்டார் என்று அறைத்தோழிகளிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

பென்சில் இன்னும் கையில் இருந்தது.

டிவி அனுப்புகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அப்பா சரிம்மா என்று மட்டும் சொன்னார்.

அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் கேட்கவில்லை.

அவள் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“என்னம்மா, இந்நேரத்துல? ஒண்ணுமில்லையே?”

“சும்மாதாம்ப்பா.”

“சாப்ட்டியா? இங்க காலையிலேருந்து மழை கேட்டியா. துணி ஒண்ணும் காயல.”

அவருக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. டிவி சத்தம் இல்லை.

தேங்காய் விலை சொன்னார். பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிப்பதைச் சொன்னார்.

“சரி, ஒனக்கு வேலை கெடக்கும். வச்சிரட்டா?”

“இருங்கப்பா,” என்றாள்.

இருந்தார்.

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மழை பெய்துகொண்டிருந்தது.

எப்பம்மா வார என்று அவர் கேட்கவில்லை.