பத்து வீட்டுத் தெரு

ஒரே ஒரு ஊரிலே, அங்கே ராஜாவுமில்லை, மந்திரியுமில்லை. பிளாக்குக்கு ஒரு நம்பர் மட்டும் உண்டு. அந்த நெய்வேலி நகரியத்திலே ஐந்து பெண்கள் கான்ட்ராக்டில் தெருக் கூட்டினார்கள். அவர்களில் செவ்வந்திக்கு மட்டும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

காரணம், எண்ணிப் பார்த்துவிட்டாள். அவள் தெருவில் இருபது வீடு. கூட வேலை செய்யும் செங்கமலத்தின் தெருவில் பத்தே வீடு.

"இன்னாக்கா நியாயம் இது?" என்று மேஸ்திரி அம்சவல்லியை மடக்கினாள். "சம்பளம் எல்லாருக்கும் ஒண்ணு. அவங்களுக்குப் பத்து, எனக்கு இருபதா? அதுலயும் அவங்க தெரு பூரா தூங்குமூஞ்சி மரம். நெழல்ல நின்னுக்கினு ஜம்முனு கூட்றாங்க. என் தெருவுல, 'தானே' புயல் மரத்தையெல்லாம் சாச்சப்பறம், ஒரு குச்சி கெடையாது!"

"நான் வூட்ட எண்ணிப் பிரிக்கலடி. பதினோரு மணி பஸ்ஸுல அஞ்சு பேரும் ஒண்ணா ஏறணும். அத வுட்டா ஒன்றரைக்குத்தான். பால்வாடியில உம் புள்ளை பன்னெண்டு மணிக்குக் காத்துக்கினு இருப்பான். ஏறிக்கினுதான இருக்கோம்?"

"நான் கை வேகம். அதான் ஏறுறேன்!"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த செங்கமலம் சிரித்தாள். "வேகக்காரி நாளைக்கு என் தெருவ எடுத்துக்கட்டும். நான் அவுளுத கூட்றேன்."

செவ்வந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து வீடு! ஒன்பது மணிக்கு முடித்துவிட்டு நிழலில் கட்டையைச் சாய்க்கலாம்.

மறுநாள் விடிந்ததும் போய் நின்றவள் வாயைப் பிளந்தாள். தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அவள் பார்த்தது, கூட்டி முடித்த தெரு. இதுவோ மாசி மாசத்து விடியற்காலைத் தெரு. தார் ரோடே தெரியவில்லை. இலை, இலைக்கு மேல் காய், அதுவும் மிதிபட்டுப் பிசினாக ஒட்டிக்கொண்டு.

மூன்று வீடு கூட்டிவிட்டுத் திரும்பினால் முதல் வீட்டு வாசலில் மறுபடி இலை.

"ஏய், கொஞ்சம் சும்மாதான் இரேன்!" என்று மரத்தையே அதட்டினாள்.

பத்தரைக்கு அவள் ஆறாவது வீட்டில் நின்றாள். இன்னும் நாலு வீடு. பிள்ளை முகம் கண்ணில் வந்து நின்றது. மூக்கை உறிஞ்சினாள்.

"தள்ளு தள்ளு, வேகக்காரி!"

நாலு பேரும் விளக்குமாற்றோடு வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தது செங்கமலம். கால் மணி நேரத்தில் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது.

செவ்வந்தி அம்சவல்லியின் கையைப் பிடித்தாள். "பாவம்க்கா செங்கமலம் அக்கா. போயும் போயும் இந்தத் தெருவையா அவங்க தலையில கட்டுன?"

"நான் எங்கடி கட்டுனேன்? உன் தலையிலதான் கட்ட இருந்தேன். நீ இப்ப கூட்ற மொட்டைத் தெரு அப்ப செங்கமலத்துது. நீ எட்டு மாசக் கைப்புள்ளைய வுட்டுட்டு மொத மொத வேலைக்கு வந்து நின்ன பாரு, அன்னிக்கு, 'புள்ளைக்காரி இதுல மாட்னா பஸ்ஸ வுட்ருவா, என் தெருவ அவுளுக்குக் குடுத்துடு'ன்னு மாத்திக்கினவ அவதான்."

செவ்வந்தி திரும்பினாள். பஸ்ஸை நிறுத்தி வைக்க, செங்கமலம் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். மற்றவர்களும் ஓடினார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசி ஆளாக செவ்வந்தியும் நடையைக் கட்டினாள்.