சிவப்புக் கோட்டுக்குள் ஒரு மயில்

“இருட்டைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்களா, சம்பந்தி?”

மார்கொலினா அம்மாளின் குரலில் வெனிஸ்காரர்களுக்கே உரிய இளக்காரம்.

“ஒரே நிமிஷம்மா!” உலிஸ்ஸே சுவரிலிருந்த பெட்டிக்குள் ஒரு யூரோ நாணயத்தைப் போட்டார்.

டக். விளக்கு எரிந்தது.

கூரை, வளைவு, சுவர் எல்லாம் ஒரே நொடியில் தீப்பிடித்தது போலப் பொன்னாய் ஜொலித்தன. லட்சக்கணக்கான கண்ணாடிச் சில்லுகள். ரவென்னாவில் பிறந்து அறுபத்திரண்டு வருஷம் ஆகியும், இந்த சர்ச்சில் விளக்கு எரியும்போதெல்லாம் உலிஸ்ஸேயின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

“எப்படி?”

“பரவாயில்ல. எங்க ஊர்ல இதைவிடப் பெரிசு இருக்கு.”

“உங்க ஊர்ல தண்ணியும் பெரிசுதான். கேட்காமலே வீட்டுக்குள்ள வந்துடுதாமே!”

அந்த அம்மாள் முறைத்தாள். உலிஸ்ஸே நாக்கைக் கடித்துக்கொண்டார். வம்பு வளர்க்க வந்த நாளா இது?

அவர் மகள் இல்தேவுக்கும் இந்த அம்மாளின் மகன் ருஜ்ஜேரோவுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வாரம் மாப்பிள்ளை போன் செய்யும் வரை. ‘கல்யாணத்துக்கு அப்புறம் இல்தே சாரத்துல ஏறி சுண்ணாம்பு பூசறதெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கல. வேலையை விட்டுட்டு எங்க ஹோட்டலைப் பார்த்துக்கட்டும்.’

சுண்ணாம்பு பூசறதாம்! பழைய மொசைக் சித்திரங்களைப் பழுது பார்ப்பவள் அவள். மூன்று நாளாக இல்தே சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் உலிஸ்ஸே தன் ரொட்டிக் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, ரயிலிறங்கிய சம்பந்தியம்மாளை நேரே இங்கே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். திட்டம் சுலபம். பக்கவாட்டுச் சுவரில், ஆள் உயரத்தில், ஒரு குவளையின் இரண்டு பக்கமும் இரண்டு மயில்கள். வலப்பக்கத்து மயில் உதிர்ந்து போயிருந்தது. அதை மறுபடி உயிர்ப்பித்தவள் இல்தே. புதிதாகப் பதித்த பகுதியைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று பதிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். பழசு எது, புதுசு எது என்று யாரும் ஏமாறக் கூடாதே. உலிஸ்ஸே அந்தக் கோடு பளிச்சென்று தெரிந்த இடத்தைத் தொப்பியால் மறைத்தபடி நின்றுகொண்டார். அம்மாள் ‘ஆகா’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். தொப்பியை எடுத்து, ‘இது உங்க மருமக கைவேலை’ என்று போட்டு உடைத்துவிடலாம்.

“இந்த வலது மயில் எப்படி இருக்கு, சம்பந்தியம்மா?”

மார்கொலினா அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“கழுத்துல பச்சை நீலமா மாறற இடத்துல ஒரு அவசரம் தெரியுது. தங்கச் சில்லெல்லாம் தட்டையா உட்கார்ந்திருக்கு. கொஞ்சம் சாய்ச்சுப் பதிச்சிருந்தா வெளிச்சம் ஓடும். அப்புறம், தொப்பியை எடுங்க, கோட்டை மறைக்குது.”

உலிஸ்ஸேவுக்கு முகம் சிவந்தது.

“ஆமாம்மா, புதுசுதான்! என் பொண்ணு எட்டு மாசம் உயிரைக் கொடுத்துச் செஞ்சது! இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கலைன்னு மாப்பிள்ளை சொன்னாரே, அப்புறம் குறையைத் தவிர வேற என்ன தெரியும்?”

“பிடிக்கலைன்னு சொன்னானா?” என்றாள் அவள், மயிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“சொன்னார்! சரி, அதோ இடது பக்க மயிலையும் பாருங்க. அது ஆதி மயில். அந்தக் கழுத்தைப் பாருங்க, அப்படியே திரும்பிப் பார்க்கிற மாதிரி! அதைச் செஞ்ச கை மண்ணாகி ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆச்சு. அதுக்குப் பக்கத்துல என் பொண்ணு தைரியமா ஒரு மயிலை நிறுத்தியிருக்கா. அதுக்கே அவளைத் தலையில வெச்சுக் கொண்டாடணும். ரொட்டி சுடறவன் பொண்ணும்மா அவ! இந்த ஊர்ல என்னைவிடப் பெருமைப்பட எவனுக்கு—”

டக். விளக்கு அணைந்தது.

இருட்டில் கைப்பை திறக்கும் ஓசை. நாணயம் விழும் ஓசை. வெளிச்சம் வந்தபோது மார்கொலினா அம்மாள் இடது மயிலுக்கு அருகில் நின்றிருந்தாள்.

“இங்க வந்து, பக்கவாட்டுல இருந்து பாருங்க, சம்பந்தி.”

பார்த்தார். மெழுகுவர்த்திப் புகை படிந்து கறுத்துப்போய், கண்ணுக்கே தெரியாத மாதிரி, அந்த மயிலைச் சுற்றியும் ஒரு கோடு ஓடியது. உற்றுப் பார்த்தால் சிவப்பு.

“இ… இதுவும் புதுசா? யாரு செஞ்சது?”

“மண்ணாகிப் போச்சுன்னு சொன்னீங்களே, அந்தக் கைதான்.” அவள் வலக்கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். “அப்போ எனக்கு இருபத்தாறு வயசு. வேலை கத்துக்க இங்க வந்து ரெண்டு வருஷம் தங்கியிருந்தேன். இதை முடிச்ச வாரமே கல்யாணம். வேலையை விடுன்னாங்க மாமியார், விட்டுட்டேன். அதுக்கப்புறம் ஹோட்டல்ல போர்வைதான் மடிச்சேன். இல்தே எந்த சர்ச்சுல வேலை பார்த்தாள்னு விசாரிச்சுக்கிட்டுதான் ரயிலேறினேன்.”

உலிஸ்ஸே அந்தக் கையையும் மயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தங்கத்தைச் சாய்க்கக் கத்துக்கிட்டாள்னா என்னை மிஞ்சிடுவா. வாங்க, வீட்டுக்குப் போகலாம். ருஜ்ஜேரோ என் பேரைச் சொல்லி விட்டது அத்தனையும் சரடு. அவன் பேச்சைக் கேட்டு வேலையை மட்டும் விட்டுடாதேன்னு என் மருமககிட்ட நேர்ல சொல்லத்தான் நான் வந்ததே!”